கதையா... கலாட்டாவா?

மெயின் கேமை முடிச்சாச்சு. அடுத்து எக்ஸ்பான்ஷன்! கையில இருக்கறதோ ஒரே ஒரு டிஸ்க் வாங்கற காசு. அதைக் கதைக்காகக் கொடுக்கறதா, ஜாலிக்காகக் கொடுக்கறதா? மலை மேல நடந்த ஒரு பஞ்சாயத்து இது!

"டேய்... ஸ்கிப் பண்ணாதடா!"

"போண்ணே... பேசியே கொல்றாய்ங்க!"

போன லீவு பூரா எங்க வீட்டுல காலையில சுப்ரபாதம், ராத்திரி தாலாட்டு எல்லாமே இந்த டயலாக்தான். வீடு எங்கேன்னு கேக்கறீங்களா? போளூர். உடனே திருவண்ணாமலை பஸ்ல ஏறிடாதீங்க மக்களே... அது வேற போளூர்! நம்மது கொடைக்கானல் மலை மேல, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சினு ஒவ்வொண்ணாத் தாண்டிப் போனா வர்ற போளூர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ்... இதுதான் எங்க ஊரு சிலபஸ். பனி இறங்கிட்டா எதிர்வீடு தெரியாது. அப்புறம் மிச்சம் இருக்கறது அடுப்பு, அப்பத்தா, டி.வி. அந்த டி.வி-யில சொருகின ஒரு பழைய பிளேஸ்டேஷன்-4!

காலேஜ் சீனியர் ஒருத்தர் புதுசு வாங்கினதும், அவரோட பழசை நான் அடிமாட்டு விலைக்குத் தூக்கிட்டு வந்தேன். கூடவே ‘அன்சார்ட்டட்-4’ டிஸ்க் இலவச இணைப்பு. அதை நானும் தம்பியும் முடிச்சாச்சு. அடுத்து என்ன? பூண்டு பிடுங்கப் போன கூலியில ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரே ஒரு டிஸ்க் வாங்கலாம்னு முடிவாச்சு. அங்கதான் ஆரம்பிச்சது வில்லங்கம்.

"நல்ல கதையா வாங்குவோம்டா" - இது நான்.

"கதை வேணும்னா அப்பத்தாகிட்ட கேளு. அடிச்சு நொறுக்கற மாதிரி வாங்குண்ணே" - இது பத்தாவது படிக்கிற தம்பி.

வெயில்ல குனிஞ்சு நிமிர்ந்து சம்பாதிச்ச காசு பாஸ். ரெண்டு பேர்ல ஒருத்தன் ஏமாந்தாலும், பாதிக் கூலி பாழ்! அதனால இந்தக் கேள்வியை நான் ரொம்ப சீரியஸாவே எடுத்துக்கிட்டேன். ஒரு கேமோட எக்ஸ்பான்ஷன்ல முக்கியம் எது... கதையா, கலாட்டாவா?

நளன் ஒரு எக்ஸ்பான்ஷன்!

முதல்ல, எக்ஸ்பான்ஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். இது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. நம்ம மகாபாரதத்துல கொட்டிக் கிடக்கு. பேரு, கிளைக்கதை!

நளன் - தமயந்தி கதையையே எடுத்துக்குங்க. அதைத் தூக்கிட்டாலும் பாண்டவர் கதை பாட்டுக்கு ஓடும். குருக்ஷேத்திரச் சண்டை நிக்காது. ஆனாலும் அந்தக் கிளைக்கதையைப் புகழேந்திப் புலவர் எடுத்து, நளவெண்பான்னு தனி நூலாவே பாடினார். ஏன் நிக்குது அந்தக் கதை? சூதாட்டத்துல நாட்டைத் தொலைச்சுட்டுக் காட்டுல உட்கார்ந்திருக்கற தருமனுக்கு, அதே சூதுல எல்லாத்தையும் தொலைச்ச இன்னொருத்தன் கதையை முனிவர் சொல்றார். மெயின் கதையில எங்க வலிக்குதோ, அங்க போய்த் தொடுது கிளைக்கதை. அதுதான் மேட்டர்!

சரி, இந்தப் பக்கம் வாங்க. நம்ம சினிமாவுல காமெடி டிராக்னு ஒண்ணு தனியா ஓடும். 1989-ல வந்த ‘கரகாட்டக்காரன்’ கதையை இன்னிக்கு முழுசா சொல்லச் சொன்னா பாதிப் பேர் முழிப்பாங்க. ஆனா கவுண்டமணி - செந்தில் வாழைப்பழ விவகாரம்? நாலு வயசுப் பொடியன்கூட நடிச்சுக் காட்டுவான். அந்தப் பழத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? பெருசா ஒண்ணுமில்ல. அதனால என்ன, சிரிச்சோமா இல்லையா?

ஆக, நளனும் உண்டு, வாழைப்பழமும் உண்டு. நாம காசு கொடுக்கப்போறது இந்த ரெண்டுல எதுக்கு?

கேம் உலகத்துல இந்த வியாபாரம் பெட்டியில அடைச்ச சி.டி-யா இருந்த காலம் ஒண்ணு. 2000-ல ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்-2’க்கு ‘தி கான்கரர்ஸ்’ வந்துச்சு. அஸ்டெக், மாயா, ஹூணர், கொரியர், ஸ்பானியர்னு 5 புது நாகரிகம். கூடவே அட்டிலா, எல் சித், மாண்டெசூமானு புதுக் கதைகள். அடுத்த வருஷம் ‘ரெட் அலர்ட்-2’க்கு ‘யூரிஸ் ரிவெஞ்ச்’. காசுக்கு ஏத்த தோசை, கூடவே ரெண்டு சட்னி!

அப்புறம் இன்டர்நெட்ல டவுன்லோடு பண்ற காலம் வந்ததும் தோசை சைஸ் சுருங்கிப்போச்சு. 2006-ல ‘ஆப்ளிவியன்’ கேமுக்கு விலை போட்டு வித்தது என்ன தெரியுமா? குதிரைக்கு மாட்டற கவசம்! கதையும் கிடையாது, புது ஆட்டமும் கிடையாது. குதிரைக்குச் சட்டை... அம்புட்டுதான். இன்னிக்கு வரைக்கும் உலகமே அதைச் சொல்லிச் சிரிக்குது.

டாங்கி அண்ணன்

தம்பி கட்சிக்கு எங்க குடும்பத்துலயே ஒரு பெரிய சப்போர்ட் உண்டு. எங்க பெரியப்பா பையன். 2000-கள்ல கொடைக்கானல் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சப்போ, பிரவுசிங் சென்டரே கதினு கிடந்தவர். மணிக்கணக்குல ‘வைஸ் சிட்டி’ ஆடியிருக்கார். 2002-ல வந்த கேம் அது. கம்ப்யூட்டருக்கு 2003-ல வந்துச்சு.

"அண்ணே, அதுல ஹீரோ பேரு என்ன?"

"டாமி."

"அவன் கதை என்ன?"

"அது எவனுக்குடா தெரியும்? கீபோர்டுல ‘பான்சர்’னு அடிச்சா வானத்துலேர்ந்து டாங்கி விழும். ஏறி ரோட்டுல போறவன் வர்றவனை எல்லாம் நசுக்க வேண்டியதுதான்!"

சிரிக்காதீங்க. தமிழ்நாட்டுல பிரவுசிங் சென்டர் பக்கம் ஒதுங்கின ஒரு தலைமுறையே அப்படித்தான் ஆடுச்சு. அந்தக் குட்டி ஹெலிகாப்டர்ல குண்டு தூக்கிட்டுப் போற மிஷன் வரைக்கும் போய், அங்க முக்கி முனகி, அதோட கதைக்கு ஒரு கும்பிடு போட்டவங்க ஏராளம். மணிக்கு இவ்வளவுனு காசு கட்டி உட்கார்ந்திருக்கறப்போ, எவனாவது பத்து நிமிஷம் பேசறதைக் கேட்டுட்டு இருப்பானா? கடிகாரம் ஓடுதே! கதை ஒரு ஆடம்பரம். டாங்கிதான் அத்தியாவசியம்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அண்ணன் இன்னிக்கும் அந்த கேமைப் பத்தி ஆசையாப் பேசறார். ஆனா பேசறது டாங்கியைப் பத்தி மட்டுமில்ல. கூட உட்கார்ந்து ஆடின ஃப்ரெண்டு, அவன் கடன் சொன்ன 10 ரூபா, சென்டர்காரர் திட்டினது... கேம் கொடுக்காத கதையை அவங்களே உண்டாக்கிக்கிட்டாங்க! கதை இல்லாம மனுஷனால இருக்க முடியல பாஸ்.

ஒரே ஊர்... ரெண்டு ருசி!

கதையையும் ஜாலியையும் தராசுல வெச்சு நிறுத்துப் பார்க்கறதுக்கு ஒரு சூப்பர் கேஸ் இருக்கு. 2008-ல ‘ஜி.டி.ஏ-4’ வந்துச்சு. 2009-ல அதுக்கு ரெண்டு எக்ஸ்பான்ஷன். ஊர் ஒண்ணுதான், அதே லிபர்ட்டி சிட்டி. ஹீரோ மட்டும் வேற வேற.

பிப்ரவரியில வந்தது ‘தி லாஸ்ட் அண்ட் டாம்ன்டு’. ஜானினு ஒரு பைக் கேங் ஆளு. கண்ணு முன்னாடி தன்னோட கூட்டம் சிதறிப்போறதைப் பார்த்துட்டு நிக்கற கதை. இருட்டு, அழுக்கு, துரோகம். அக்டோபர்ல வந்தது ‘தி பேலட் ஆஃப் கே டோனி’. அதுல லூயிஸ்னு ஒருத்தன். பாராசூட் கட்டிக் குதிக்கறான், நைட் கிளப்ல ஆடறான். ஒரே கலர், ஒரே அதகளம்.

எது பெஸ்ட்? இன்னிக்கு வரைக்கும் அடிதடிதான். ‘ஜானி கதை நெஞ்சுல நிக்குது’னு ஒரு கோஷ்டி. ‘லூயிஸ் கூட ஆடினப்பதான்டா ஜி.டி.ஏ ஆடின மாதிரி இருந்துச்சு’னு இன்னொரு கோஷ்டி.

ஆனா, ரெண்டு கோஷ்டியும் ஒத்துக்கற ஒரு இடம் இருக்கு. மெயின் கேம்ல ஒரு வைர பேரம் நடக்கும். நடுவுல புகுந்து எல்லாம் குட்டிச்சுவராகும். அதே பேரத்தை நிகோவா ஒரு தடவை, ஜானியா ஒரு தடவை, லூயிஸா ஒரு தடவைனு மூணு பக்கத்துலேர்ந்தும் ஆடலாம். ‘அடப்பாவி... அன்னிக்கு உள்ளே புகுந்து கெடுத்தவன் நான்தானா!’னு நமக்கே தூக்கிவாரிப் போடும். யாரும் உட்கார வெச்சுக் கதை சொல்லல. நம்ம கையாலயே சுட்டுட்டு, நாமளே கண்டுபிடிக்கிறோம். இதைக் கதைன்னு சொல்றதா, ஆட்டம்னு சொல்றதா?

இங்கதான் எனக்கு லேசா பொறி தட்டிச்சு.

டி.வி-க்குள்ள எங்க மலை!

கடைசியில நாங்க வாங்கின டிஸ்க், ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி’. 2017 ஆகஸ்ட்ல வந்தது. அன்சார்ட்டட்-4க்கு ஒரு சின்னக் கிளைக்கதையாத்தான் நாட்டி டாக் கம்பெனி இதை ஆரம்பிச்சது. பண்ணப் பண்ணப் பெருசாகி, தனியா டிஸ்க் போட்டு விக்கற அளவுக்கு வளர்ந்துடுச்சு. அமெரிக்காவுல முழு கேமுக்கு 60 டாலர்னா, இதுக்கு 40 டாலர். 2022-ல பிளேஸ்டேஷன்-5, கம்ப்யூட்டர்னு எல்லாத்துக்கும் புதுப் பதிப்பு வேற வந்துச்சு.

கதை நடக்கற இடம்... மேற்குத் தொடர்ச்சி மலை! அட, நம்ம பழநி மலையே அதோட ஒரு கிளைதானே! மெயின் மலைத்தொடர்லேர்ந்து கிழக்கே நீட்டிக்கிட்டு நிக்கற எக்ஸ்பான்ஷன்ல உட்கார்ந்துக்கிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில நடக்கற எக்ஸ்பான்ஷனை ஆடின ஆளுங்க நாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

ஹீரோயின் பேரு க்ளோயி. இந்திய ரத்தம் பாதி. ஹொய்சாள ராஜ்ஜியத்தோட விநாயகர் தந்தத்தைத் தேடி வர்றா. அவ அப்பாவும் அதைத் தேடிப் போனவர்தான். கூட வர்றது நடீன். போன கேம்ல வில்லி சைடு, இதுல கூட்டாளி.

நாலாவது சாப்டர் பேரே ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’. அதுவரைக்கும் ‘இந்த வழியா போ, அந்த வழியா ஏறு’ன்னு கையைப் பிடிச்சு நடத்தின கேம், இங்க வந்ததும் ஜீப் சாவியைக் கையில கொடுத்துட்டு, ‘எங்க வேணாலும் சுத்து’ன்னு விட்டுடுது. அருவி, சேறு, இடிஞ்ச கோபுரம், நடுநடுவுல துப்பாக்கிக்காரங்க. பார்க்க வேண்டிய முக்கியமான இடம் 3. அதைத் தவிர, அங்கங்க ஹொய்சாள வில்லைகளா ஒளிச்சு வெச்சிருக்கற ஒரு வேட்டையும் உண்டு. தேடினாலும் சரி, தேடாட்டியும் சரி... கதை நிக்காது.

தம்பிக்குப் பரம சந்தோஷம். கதையை ஓரங்கட்டிட்டு ஜீப்பைச் சேத்துல உருட்டிக்கிட்டே கிடந்தான். எப்பவாவது கட்-சீன் வந்தா, அடுத்த செகண்டு ஸ்கிப். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்!

இந்த இடத்துல அப்பத்தா என்ட்ரி. அடுப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்து குளிர் காய்ஞ்சுக்கிட்டே ரெண்டு நாளா இதைப் பார்த்துட்டு இருந்துச்சு.

"ஏப்பா... இந்தப் புள்ளை எதுக்கு இம்புட்டுத் தூரம் ஒத்தையில வந்து கஷ்டப்படுது?"

சிம்பிளான கேள்வி. ஆனா, கதைன்னா என்னங்கறதுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. ‘எதுக்கு?’ அவ்வளவுதான் கதை!

ஹளேபீடுக்கு பஸ் இருக்கு!

கதைக் கட்சிக்காரன்ங்கறதுக்காக நான் கண்ணை மூடிக்கிட்டுச் சப்போர்ட் பண்ண மாட்டேன். அந்த கேம்ல பேலூரும் ஹளேபீடும் காட்டுக்குள்ள யாரும் கண்டுபிடிக்காத மர்ம நகரங்கள். நிஜத்துல? கர்நாடகாவுல ஹாசன்லேர்ந்து பஸ் ஏறினா நேரா கோயில் வாசல்ல இறக்கி விட்டுடுவாங்க. 2023-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாவும் அறிவிச்சாச்சு!

இன்னொண்ணு. விநாயகருக்குத் தந்தம் ஒடிஞ்சதுக்கு அந்த கேம் சொல்ற காரணம், பரசுராமரோட கோடாலி. நம்ம வீட்டுல கேட்டா, ‘பாரதம் எழுத எழுத்தாணி இல்லாம, அவரே ஒடிச்சுக்கிட்டார்’னு சொல்லுவாங்க. அப்பத்தா ஒரே பிடியா நின்னுச்சு. "எழுதத்தான் ஒடிச்சாரு... உங்க டி.வி பொய் சொல்லுது." ரெண்டு கதையும் புராணத்துல இருக்குன்னு புரியவைக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு டீ ஆயிடுச்சு.

நிஜ ஹொய்சாளர் கதை சும்மா இல்ல பாஸ். 13-ம் நூற்றாண்டுல அவங்க தமிழ்நாட்டுக்குள்ளயே வந்து, சமயபுரம் பக்கத்துல கண்ணனூர்ல தலைநகர் வெச்சிருந்தாங்க. மூணாம் வீர வல்லாளர் 1340-கள்ல மதுரை சுல்தானோட படையை எதிர்த்துப் போராடி உயிரை விட்டார். மர்ம நகரத்தை விட்டுத்தள்ளுங்க, இதுவே ஒரு எக்ஸ்பான்ஷனுக்குத் தாங்கும்!

கடாரம் கொண்டான்... கம்ப்யூட்டரில்!

அப்படி நம்ம ஊர் ராஜா கதையை வெச்சு வந்த எக்ஸ்பான்ஷனும் உண்டு. 2022 ஏப்ரல்ல ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்-2 டெஃபனிட்டிவ் எடிஷன்’க்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்துச்சு. அதுவரைக்கும் ‘இந்தியர்’னு ஒரே மூட்டையா கட்டி வெச்சிருந்ததைப் பிரிச்சு, இந்துஸ்தானி ஆக்கி, கூடவே திராவிடர், வங்காளர், கூர்ஜரர்னு மூணு பேரைச் சேர்த்தாங்க. பாபர், தேவபாலர், ராஜேந்திர சோழன்... ஆளுக்கு 5 மிஷன்!

1014-லேர்ந்து 1044 வரைக்கும் ஆண்ட ராஜேந்திரனோட கப்பல் படையை நாமளே நடத்தலாம். திராவிடர் படையில சுருள்வாள் வீரன் இருக்கான். கிராமத்து ஆளைத் தட்டினா தமிழ்ல பதில் சொல்றான். சிலிர்க்குதுல்ல?

ஆனா, என் காலேஜ் ஹாஸ்டல்ல இதை வாங்கின பசங்கள்ல பாதிப் பேர் ராஜேந்திரன் கதைப் பக்கமே போகல! வாங்கின அன்னிக்கே மல்டிபிளேயர்ல இறங்கி, சுருள்வாளைச் சுழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கு எக்ஸ்பான்ஷன்னா புது ஆயுதம், புது வியூகம். திராவிடருக்குக் குதிரைப்படை சுமார், அதை வெச்சு எப்படிச் சமாளிக்கறதுன்னு ராத்திரி பூரா பட்டிமன்றம். அவங்களும் ஏமாறல... காசுக்கு மேலயே ஆடிட்டாங்க. கதை அவங்களுக்கு ஓசியில வந்த கறிவேப்பிலை.

இதே கணக்கை ஒரு கம்பெனி வேற மாதிரி போட்டுச்சு. 2020-ல ‘சைபர்பங்க் 2077’ ஏகப்பட்ட கோளாறோட வந்து வாங்கிக் கட்டிக்கிச்சு. 2023 செப்டம்பர்ல ஆட்டத்தையே மாத்தற பெரிய அப்டேட்டை எல்லாருக்கும் ஓசியில கொடுத்துட்டாங்க. அதே மாசம் ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ங்கற உளவாளிக் கதையைத் தனியா காசுக்கு வித்தாங்க. ஆட்டம் ஓசி, கதைக்குத்தான் பில்! அதுவும் நல்லாவே போணியாச்சு.

பேய் போன கல்யாணம்

அப்போ ரெண்டும் சரிதானா? தீர்ப்பு இல்லாத பஞ்சாயத்தா? பொறுங்க. ‘விட்சர்-3’ன்னு ஒரு பெரிய தலை இருக்கு. 2015 அக்டோபர்ல அதோட முதல் எக்ஸ்பான்ஷன் ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ வந்துச்சு. அடுத்த வருஷம் மே மாசம் ‘பிளட் அண்ட் வைன்’. ரெண்டாவது, புது நாடு, புது வீடு, திராட்சைத் தோட்டம்னு 20 மணி நேரத்துக்கு மேல ஓடற விருந்து. முதலாவது அதுல பாதிதான். ஆனா, அதுல ஒரு கல்யாணம் வரும் பாருங்க...

நம்ம ஹீரோ கெரால்ட் சிரிக்கவே மாட்டான். வேண்டா வெறுப்பா ஒரு பேயைத் தன் உடம்புல ஏத்திக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போறான். பேய்க்கோ செம குஷி! ஆட்டம், பாட்டு, பொண்ணுங்ககிட்ட வழியறது, பன்னியைத் துரத்திப் பிடிக்கிறதுன்னு ஒரே ரகளை. ஆடறது நாமதான். ஆனா உள்ளுக்குள்ள தெரியும்... இது செத்தவனுக்குக் கிடைச்ச ஒரே ஒரு ராத்திரி. விடிஞ்சா போயிடுவான். சிரிச்சுக்கிட்டே பன்னியைத் துரத்தறப்போ தொண்டையில எதுவோ அடைக்கும்.

இதுல எது கதை, எது ஜாலி? பிரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்! பன்னி துரத்தறதை எடுத்துட்டா கதை செத்துப்போகும். பேயை எடுத்துட்டா பன்னி துரத்தறது சும்மா வெட்டி வேலை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு சாட்சி. 2024 ஜூன்ல ‘எல்டன் ரிங்’குக்கு வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’. மெயின் கேம்ல ரெண்டு பெரிய வில்லன்களைச் சாய்ச்சாதான் உள்ளேயே விடுவாங்க. கதையைத் தேடினா, கையில கிடைக்கற பொருள் ஒவ்வொண்ணோட குறிப்புலயும் ரெண்டு வரி, மூணு வரியா ஒளிஞ்சிருக்கும். படிச்சாத்தான் உண்டு. ஆனா மரண அடி! அதே வருஷம் கேம் அவார்ட்ஸ்ல ‘வருஷத்தின் சிறந்த கேம்’ பட்டியல்ல இந்த எக்ஸ்பான்ஷனும் ஏற, ‘கிளைக்கதைக்கு எதுக்குடா மெயின் பரிசு?’ன்னு பெரிய ரகளை. பரிசு என்னவோ ‘ஆஸ்ட்ரோ பாட்’டுக்குப் போச்சு. ஆனா விஷயம் அது இல்ல. அந்த நிலத்துல நடக்கறப்போ எதிர்ல நிக்கற எரிஞ்ச மண்ணும், சிதைஞ்ச கோட்டையும், நம்மை அடிச்சுத் துவைக்கிற ஒவ்வொருத்தனும் கதைதான். கதையை வாயால சொல்லல, அடியால சொல்லுது!

ஆக, கதை ‘பெருசா, சின்னதா’ங்கறது கேள்வியே இல்ல. கதை எங்க இருக்கு? நாம பட்டனைவிட்டுக் கையை எடுத்துட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கற நேரத்துலயா... இல்ல, பட்டனை அமுக்கிட்டு இருக்கற நேரத்துலயா? முதல் ரகம்னா, தம்பி ஸ்கிப் பண்றதுல தப்பே இல்ல. ரெண்டாவது ரகம்னா, அவனால ஸ்கிப் பண்ணவே முடியாது!

காசைக் கொடுக்கறதுக்கு முன்னாடி 5 கேள்வி!

1. மெயின் கேமை முடிச்சிட்டீங்களா? பாதியிலயே போர் அடிச்சு விட்டதுன்னா, எக்ஸ்பான்ஷனும் அதே இட்லி மாவுதான். வாங்காதீங்க.

2. உங்க கை எதுக்கு ஏங்குது? அதே சண்டையை இன்னும் கொஞ்சம் போடணும்னா, புது ஆயுதம், புது எதிரி இருக்கான்னு பாருங்க. ‘அவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ன்னு மனசு கேட்டா, கதையைப் பாருங்க.

3. கதை மெயின் கதையோட ஏதாவது ஒரு காயத்தைத் தொடுதா? தருமனுக்கு நளன் மாதிரி. இல்லைன்னா அது குதிரைக் கவசம்.

4. வீடியோவை மட்டும் பார்த்தாலே திருப்தி ஆயிடுமா? அப்படின்னா நெட்ல பார்த்துட்டுக் காசை மிச்சம் பிடிங்க. நீங்களே ஆடினாத்தான் அந்த ஃபீல் வரும்னா, அதுதான் வாங்க வேண்டிய சரக்கு.

5. கொஞ்சம் பொறுக்க முடியுமா? ‘விட்சர்-3’க்கு ரெண்டு எக்ஸ்பான்ஷனையும் சேர்த்து 2016-லயே ஒரே பெட்டியில போட்டுட்டாங்க. பொறுத்தவன் பர்ஸ் ஆள்வான்!

இருட்டுல ஒரு ஸ்டோரி

இவ்வளவு தத்துவம் பேசினாலும், எங்க வீட்டுப் பஞ்சாயத்து தீர்ந்தது வேற மாதிரி.

லீவு முடியறதுக்கு முந்தின நாள். மறுநாள் விடிகாலை, வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் பூண்டு ஏத்திட்டுப் போற வண்டியிலயே நானும் கீழே இறங்கணும். அன்னிக்கு ராத்திரியே கேமை முடிச்சிடலாம்னு ரெண்டு பேரும் போர்வையைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்தோம். கடைசி சாப்டர். ரயில் பறக்குது, க்ளோயி தொங்கறா, தம்பி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பட்டனை அமுக்கறான்...

பட்! கரன்ட் போச்சு.

வெளியே மழை. இனி காலையிலதான் வரும்னு எல்லாருக்கும் தெரியும். இருட்டுல அப்பத்தா குரல் மட்டும்.

"ஏப்பா... அந்தப் புள்ளை அவுக அப்பன் தேடுன சாமானைக் கண்டுபுடிச்சுருச்சா, இல்லியா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தம்பி ஆரம்பிச்சுட்டான். "இரு அப்பத்தா, முதல்லேர்ந்து சொல்றேன்..." க்ளோயியோட அப்பா ஏன் போனார், அவரைப் பத்திப் பேசறப்போ மட்டும் அவ ஏன் பேச்சை மாத்தறா, அவளுக்குச் சின்ன வயசுல சொன்ன பிள்ளையார் கதை என்ன, நடீன் முதல்ல ஏன் முறைச்சா, எந்த இடத்துல நம்ப ஆரம்பிச்சா... அரை மணி நேரம்! ஒண்ணு விடாம, குரல் மாத்தி மாத்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு கட்-சீன்கூட முழுசாப் பார்க்காத பயல்! "டேய், இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஜீப் ஓட்டறப்ப அவளுக ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வர்றாளுகள்லண்ணே... பாறை ஏறறப்ப, அந்தப் புதிர் போடறப்ப... அப்ப ஸ்கிப் பட்டனே கிடையாதே!"

ஊர் சுத்தறான்னு நான் திட்டின நேரம் பூரா, பயபுள்ள கதை கேட்டுட்டு இருந்திருக்கான். கதையை ஸ்கிப் பண்றான்னு நினைச்சேன். அவன் ஸ்கிப் பண்ணினது, கதைங்கற பேர்ல கையைக் கட்டிப்போடறதை மட்டும்தான்.

"சரி, கடைசியில என்னாச்சு?" - அப்பத்தா விடறதா இல்ல.

"இன்னும் ஆடலையே அப்பத்தா. நாளைக்கு கரன்ட் வந்ததும் முடிச்சுட்டுச் சொல்றேன்."

விடிகாலை வண்டியில பூண்டு மூட்டை மேல உட்கார்ந்து கிளம்பறப்போ தம்பி ஓடி வந்தான். "அண்ணே... நீ இல்லாம முடிக்க மாட்டேன். அடுத்த லீவுல வா, சேர்ந்து முடிப்போம்."

"அப்பத்தாவுக்கு யாருடா பதில் சொல்றது?"

கொஞ்சம் யோசிச்சான். "அதுவரைக்கும் நானே ஏதாவது எக்ஸ்பான்ஷன் விட்டுக்கறேன்!"